வாண்டா ஏரிச் சேற்றில் கிடைத்த ஈஸ்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆற்றுச் சேற்றிலோ கடலடி வண்டலிலோ ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சையைத் தேடியவர்களுக்கு அந்தத் தட்டு நன்றாகத் தெரியும். ஒரு கிராம் சேற்றை ஒன்பது மில்லி உப்புநீரில் குலுக்கி, பத்துப் பத்தாக நீர்த்து, பாக்டீரியாவை அடக்க குளோரம்ஃபெனிகால் கலந்த அகார் என்ற வளர்ப்புக் கூழில் பரப்பி வைப்போம். மூன்று நாளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் புள்ளிகள் எழும்பும். பூஞ்சை இழைகள் தட்டை மூடுவதற்குள் ஒவ்வொரு புள்ளியையும் குச்சியால் தொட்டு, ட்ரைபியூட்ரின் என்ற கொழுப்பு கலந்த இன்னொரு தட்டில் வைக்க வேண்டும். இந்தத் தட்டு தண்ணீர் விட்ட மோர் மாதிரி கலங்கலாக இருக்கும். ஈஸ்ட் கொழுப்பை உடைக்கும் நொதியை வெளியே விட்டால், இரண்டு நாளில் அதைச் சுற்றி ஒரு வளையம் தெளிந்துவிடும். தட்டைச் செய்தித்தாளின் மேல் வைத்தால் வளையத்துக்குள் மட்டும் எழுத்து தெரியும்.

அந்த வளையத்தைப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் அங்கேயே முடிந்துபோகின்றன. இத்தனை ஈஸ்ட் எடுத்தோம், இத்தனையில் கொழுப்பை உடைக்கும் லைபேஸ், இத்தனையில் மாவை உடைக்கும் அமைலேஸ், இத்தனையில் புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் என்று ஓர் அட்டவணை. அப்புறம் ஆய்வு மாணவர் படிப்பை முடித்துப் போவார். குளிர்பெட்டியில் இருக்கும் வளர்ப்புகள் ஒவ்வொன்றாகச் சாகும்.

அட்டவணையைத் தாண்டி ஆலைக்கும் மருந்துக்கும் போய்ச் சேர்ந்த ஒரு சேற்று ஈஸ்டின் கதையை இங்கே விரிவாகப் பார்க்கலாம். கடலும் இல்லாத, சாதாரண ஏரியும் இல்லாத ஓர் இடத்தில், அண்டார்டிகாவின் வாண்டா ஏரியில், அது கிடைத்தது. அந்த ஈஸ்டைச் சரியாகப் பிரித்து, பெயர் வைத்து, யார் கேட்டாலும் கொடுக்கும்படி உயிரோடு பாதுகாத்தார்கள். இந்த வெற்றியில் நொதிக்கு இருக்கும் பங்கு அளவுக்கு அந்த வேலைக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

ஏரி

அண்டார்டிகாவின் விக்டோரியா லேண்டில் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. மழை கிடையாது, பனியும் தரையில் தங்காது. அவற்றில் ஒன்றான ரைட் பள்ளத்தாக்கில் வாண்டா ஏரி. பனிச்சறுக்கு வண்டி இழுத்த ஒரு நாயின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். ஏரிக்குத் தண்ணீர் தருவது ஓனிக்ஸ் ஆறு. சுமார் 32 கிலோமீட்டர் நீளம், கோடையில் சில வாரங்கள் மட்டும் ஓட்டம், அதுவும் கடலை நோக்கி இல்லாமல் உள்நாட்டுக்குள். அண்டார்டிகாவின் மிக நீளமான ஆறு இதுதான்.

ஏரியின் மேல் மூன்று நான்கு மீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி ஆண்டு முழுவதும் கிடக்கிறது. ஆழம் சுமார் 70 மீட்டர். வெளியே காற்றின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ 20 டிகிரி கீழே. ஆனால் ஏரியின் அடித்தண்ணீர் 25 டிகிரி செல்சியஸ்! நம் ஊர் மார்கழி மாதக் கிணற்றுத் தண்ணீரின் வெதுவெதுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிபோல் தெளிந்த பனிக்கட்டி வழியாக வெயில் உள்ளே இறங்குகிறது. அடியில் இருப்பது கால்சியம் குளோரைடு மிகுந்த, கடல்நீரைவிடப் பல மடங்கு கனத்த உப்புநீர். கனமாக இருப்பதால் சூடானாலும் அது மேலே எழும்பாது. வந்த வெப்பம் அடியிலேயே தங்கிவிடுகிறது. 1960-களின் தொடக்கத்திலேயே இந்த விளக்கம் வந்துவிட்டது.

இந்த ஏரியின் வண்டலில் இருந்து எடுத்த ஓர் ஈஸ்டை கோட்டோ, சுகியாமா, இயிஸுகா என்ற மூன்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1969-இல் புதிய இனம் என்று விவரித்தார்கள். அண்டார்டிக் ஈஸ்ட்களை வகைப்படுத்திய ஒரு நீண்ட கட்டுரையின் பகுதி அது. ஸ்போரோபோலோமைசீஸ் அண்டார்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அது கேண்டிடா அண்டார்டிகா ஆனது, அதன்பின் சூடோசைமா அண்டார்டிகா ஆனது. 2015-இல் மரபணு வரிசைகளை வைத்து ஒழுங்குபடுத்தியபோது மோசியோமைசீஸ் என்ற பேரினத்துக்கு மாறி, மோசியோமைசீஸ் அண்டார்டிகஸ் ஆனது. இந்தப் பெயர் மாற்றங்களைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம். கடைசிப் பெயரில் ஒரு முக்கியமான சேதி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

லைபேஸ் ஏ, லைபேஸ் பி

அடுத்த பதினைந்து ஆண்டுகள் இந்த ஈஸ்டை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. திருப்பம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. நொதி என்றால் தண்ணீரில்தான் வேலை செய்யும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கிளிபனோவும் அலெக்சி சாக்ஸும், பன்றிக் கணையத்தின் லைபேஸ் ஏறத்தாழ தண்ணீரே இல்லாத கரிமக் கரைப்பானில், அதுவும் 100 டிகிரி வெப்பத்தில், மணிக்கணக்கில் வேலை செய்வதைக் காட்டினார்கள். நொதியை வைத்து வேதிப்பொருள் தயாரிக்க நினைத்தவர்கள் எல்லோரும் அப்போது நல்ல லைபேஸ் தேடிக் கிளம்பினார்கள்.

டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் இந்த ஈஸ்ட் இனத்தின் லைபேஸ்களுக்குக் காப்புரிமை கேட்டது. பிரித்துப் பார்த்தபோது ஒன்றுக்கு இரண்டு நொதிகள் இருந்தன. ‘ஏ’ பெரியது, மூலக்கூறு எடை சுமார் 45 கிலோடால்டன். லைபேஸ்களிலேயே அதிக வெப்பம் தாங்குபவற்றில் ஒன்று. ‘பி’ சிறியது, 317 அமினோ அமிலங்கள், 33 கிலோடால்டன். உலகம் முழுக்க வேதியியலாளர்கள் ‘கேல்-பி’ என்று செல்லமாகச் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

கேல்-பி எப்படி வேலை செய்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். இதன் மதிப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

எஸ்டர் என்பது ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் கைகோத்த பொருள். எண்ணெய், நெய், மெழுகு எல்லாம் எஸ்டர்களே. நொதியின் நடுவில் ஒரு குழி. அதன் அடியில் 105-ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம். அதற்குத் துணையாக 224-ஆம் இடத்து ஹிஸ்டிடினும் 187-ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலமும் நிற்கின்றன. எஸ்டர் குழிக்குள் வந்ததும் செரின் அதன் அமிலப் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஆல்கஹால் பகுதி கழன்று வெளியே போகிறது. இப்போது நொதி ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்து குழிக்குள் வருவது தண்ணீர் என்றால் துண்டு அதனுடன் சேர்ந்து அமிலமாக வெளியேறும். எஸ்டர் உடைந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீருக்குப் பதில் வேறோர் ஆல்கஹால் வந்தால் துண்டு அதனுடன் சேரும். புது எஸ்டர் பிறந்துவிட்டது. ஆக, சுற்றிலும் தண்ணீர் இருந்தால் உடைக்கும் நொதி, தண்ணீரை எடுத்துவிட்டால் கட்டும் நொதியாகிறது. தட்டில் வளையம் போட்ட அதே நொதிதான்.

பெரும்பாலான லைபேஸ்களில் இந்தக் குழிக்கு ஒரு மூடி உண்டு. எண்ணெய்த் துளியின் பரப்பைத் தொட்டால்தான் மூடி திறக்கும். கேல்-பியின் வடிவத்தை 1994-இல் எக்ஸ்-கதிர் மூலம் கண்டபோது அப்படி வாயை அடைக்கும் மூடி எதுவும் தெரியவில்லை. குழி குறுகலாக, ஆழமாக, திறந்தே இருந்தது. இதனால் எண்ணெய்த் துளி இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும். குழி குறுகலாக இருப்பதால் உள்ளே வரும் மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதையும் கண்டிப்பாகப் பார்க்கும். வலது கைக்கும் இடது கைக்கும் உள்ள வித்தியாசம் உள்ள இரட்டை மூலக்கூறுகளில் ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை விட்டுவிடும். மருந்து செய்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ரவை மாதிரி மணிகள்

நொதியை அந்த ஈஸ்டிலிருந்தே தயாரிப்பதில்லை. அதன் மரபணுவை ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சைக்குள் வைத்து, பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள். ஜப்பானில் சோயா சாஸும் சாக்கேயும் செய்யக் காலங்காலமாகப் பயன்படும் பூஞ்சை இது. கிடைக்கும் நொதியை நுண்துளைகள் நிறைந்த அக்ரிலிக் பிசின் மணிகளில் ஒட்டவைத்தால் நோவோசைம் 435 தயார்.

கையில் எடுத்துப் பார்த்தால் வறுத்த ரவை மாதிரி இருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உருண்டைகள். குடுவையில் கொழுப்பு அமிலத்தையும் ஆல்கஹாலையும் போட்டு, 60 டிகிரிக்குச் சூடாக்கி, இந்த மணிகளைத் தூவிக் கலக்கினால் போதும். உண்டாகும் தண்ணீரை வெற்றிடம் வைத்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் வடிகட்டினால் மணிகள் துணியில் தங்கும்; அவற்றையே மறுபடி அடுத்த வேளைக்குப் போடலாம்.

குறைகளும் உண்டு. கலக்கும் வேகத்தில் மணிகள் நொறுங்கித் தூளாகும். அதனால் ஆலைகளில் இவற்றைக் குழாயில் அடைத்து, திரவத்தை அதன் வழியாக ஓட்டுவார்கள். நொதி பிசினில் வேதிப் பிணைப்பால் கட்டப்படவில்லை, ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சோப்புத் தன்மை உள்ள கலவையில் மெல்லக் கழன்றுவிடும். விலையும் கொஞ்சமில்லை.

முகத்துக்குப் பூசும் கிரீம்களில் சேரும் மிரிஸ்டைல் மிரிஸ்டேட் போன்ற மெழுகு எஸ்டர்களை ஜெர்மனியில் எவோனிக் நிறுவனம் இந்த வழியில் தயாரிக்கிறது. பழைய முறையில் 180 டிகிரிக்கு மேல் கொதிக்கவிட்டு, உலோக வினையூக்கி போட்டு, கடைசியில் நிறத்தையும் வாடையையும் நீக்கத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். 60 டிகிரியில் செய்தால் பொருள் கருகுவதில்லை. அதனால் பின்வேலை பெருமளவு மிச்சம்.

என் மனதுக்கு நெருக்கமான உதாரணம் வேறு. பொசகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை 2021-க்குப் பிறகு நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்த எத்தனையோ நோயாளிகளுக்கு, ஆம்ஃபோடெரிசின் ஊசியைத் தொடர்ந்து மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது அது. அந்த மருந்துக் குடும்பத்தை உருவாக்கிய ஷெரிங்-பிளௌ நிறுவன வேதியியலாளர்கள் 1990-களில் ஒரு சிக்கலில் நின்றார்கள். வழியில் உண்டாகும் ஒரு மூலக்கூறுக்கு ஒரே மாதிரி இரண்டு ஆல்கஹால் கைகள். அவற்றில் ஒரு கையை மட்டும் மூட வேண்டும். மற்ற கையை மூடினால் மருந்து தவறான வடிவத்தில் வரும். சாதாரண வேதிப்பொருளுக்கு இரண்டு கையும் ஒன்றுதான். கேல்-பி மணிகளை வினைல் அசிடேட்டுடன் போட்டார்கள். நொதி சரியான கையைப் பார்த்து அசிடைல் தொப்பியை மாட்டியது. ஒரு பூஞ்சையின் நொதி, மனிதனைத் தின்னும் இன்னொரு பூஞ்சையை ஒழிக்கும் மருந்துக்கு வழி செய்து கொடுத்திருக்கிறது.

குளிர் நாட்டு நொதிக்கு வெப்பம் ஏன் பிடிக்கிறது?

அண்டார்டிகாவில் கிடைத்த நொதி குளிரில்தானே நன்றாக வேலை செய்ய வேண்டும்? கேல்-பி 60, 80 டிகிரியில் எண்ணெய்க்குள் நாள்கணக்கில் உழைக்கிறது. லைபேஸ் ஏ அதையும் தாண்டுகிறது. ஏரியின் அடி வெதுவெதுப்பாக இருப்பதைக் காரணம் காட்டத் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை. 25 டிகிரிக்கும் 80 டிகிரிக்கும் உள்ள தூரம் அதிகம்.

வெப்பம் தாங்குவதற்கான நேரடிக் காரணம் மூலக்கூறிலேயே இருக்கிறது. கேல்-பியை மூன்று கந்தகப் பாலங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. தண்ணீர் இல்லாத இடத்தில் புரதம் விறைத்துவிடுவதால் அவிழவும் நேரமாகிறது. ஆனால் இப்படி ஒரு நொதி அந்த ஈஸ்டுக்கு எதற்கு என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. முன்பு சொன்ன கடைசிப் பெயர் இங்கேதான் உதவுகிறது.

மோசியோமைசீஸ் என்பது கரிப்பூட்டைப் பூஞ்சைகளின் ஒரு பேரினம். கம்பு விளைவிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த எதிரி. கதிரில் சில மணிகள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, பளபளக்கும் பச்சை உருண்டைகளாக உப்பி நிற்கும். சில நாளில் பழுப்பாகி, தொட்டால் வெடித்து, விரல் முழுக்கக் கரித்தூள் ஒட்டும். கம்பின் இந்தக் கரிப்பூட்டை நோயை உண்டாக்கும் பூஞ்சையும் வாண்டா ஏரி ஈஸ்டும் ஒரே பேரினம். அதே ஈஸ்ட் இனம் ஜப்பானில் நெற்பயிரின் இலைகளிலும் உமியிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது.

அண்டார்டிகாக் கண்டத்துக்குச் சொந்தமான பூக்கும் தாவரங்கள் மொத்தம் இரண்டே இனங்கள். இரண்டும் தீபகற்பப் பக்கத்தில். விக்டோரியா லேண்டில் ஒரு புல்கூட இல்லை. அப்படியானால் புல்லின் இலையில் வாழும் குடும்பத்தைச் சேர்ந்த ஈஸ்ட் அந்த ஏரிச் சேற்றுக்குச் சொந்தக்காரன் என்பதைவிட விருந்தாளி என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன். இலையின் மேல்பரப்பை யோசித்துப் பாருங்கள். வெயில், வறட்சி, சர்க்கரை அரிது. காலடியில் மெழுகும் கியூட்டினும். கியூட்டின் என்பது இயற்கை பாலியஸ்டர். அங்கே பிழைக்க வேண்டிய உயிருக்கு, தண்ணீர் குறைவான இடத்தில் எஸ்டர் பிணைப்பை வெட்டும் உறுதியான நொதிகள் வேண்டும்.

இந்தக் கோணம் வெறும் ஊகத்தோடு நிற்கவில்லை. ஜப்பானின் சுகுபாவில் வேளாண் ஆய்வாளர்கள் இந்த இலை ஈஸ்ட்களைத் தேடி எடுத்தார்கள். கியூட்டினை உடைக்கும் கியூட்டினேஸ் போன்ற, அவற்றின் ஒரு நொதி, வயலில் மூடாக்காக விரிக்கும் மக்கும் பிளாஸ்டிக் தாள்களை வேகமாக அரித்துத் தின்பதை 2011 அளவில் வெளியிட்டார்கள். அறுவடை முடிந்ததும் தாளின் மேல் நொதியைத் தெளித்துச் சீக்கிரம் மக்கச் செய்யும் முயற்சி அதன் தொடர்ச்சி. வீட்டைத் தெரிந்துகொண்டு தேடியதால் நொதி கிடைத்தது.

நம் சேற்றுத் தட்டுகளுக்குத் திரும்பினால்

கடலில் ஈஸ்ட் உண்டு என்பது பழைய செய்தி. 1894-இலேயே பெர்னார்ட் ஃபிஷர் அட்லாண்டிக் நீரிலிருந்து வெள்ளை, சிவப்பு ஈஸ்ட்களைப் பிரித்தார். சிங்தாவில் உள்ள சீனப் பெருங்கடல் பல்கலைக்கழகத்தில் கடல் ஈஸ்ட் நொதிகளைப் பற்றி விரிவான வேலை நடந்திருக்கிறது. தென்சீனக் கடல் படிவிலிருந்து எடுத்த கிரிப்டோகாக்கஸ் ஆரியஸ் ஈஸ்டின் இனுலினேஸ் அவற்றில் ஒன்று. இந்த நொதி உடைக்கும் இனுலின் பெரும்பாலும் நிலத் தாவரங்களின் கிழங்கில் சேரும் சர்க்கரைச் சங்கிலி என்பதைக் கவனியுங்கள். மோசியோமைசீஸின் நெருங்கிய உறவான ஓர் ஈஸ்ட் ஜப்பானின் சகாமி விரிகுடாவில், ஆழ்கடல் சிப்பிக்குள்ளும் கிடைத்திருக்கிறது. மும்பைக் கடற்கரையில் எண்ணெய் கலந்த நீரிலிருந்து புணே ஆய்வாளர்கள் எடுத்த யாரோவியா லிப்போலிட்டிக்கா, எண்ணெயைத் தின்றே வளர்கிறது. அதற்கு அந்த இடம் சொந்த வீடு மாதிரிதான்.

ஆறு இலையைக் கொண்டுவரும், காற்று தூசியைக் கொண்டுவரும், கழிவுநீர் எண்ணெயைக் கொண்டுவரும். எல்லாம் கடைசியில் வண்டலில் படியும். ஆகவே வண்டலில் கிடைத்த ஈஸ்டை உடனே கடல்வாழ் ஈஸ்ட் என்று எழுதுவதற்கு முன் அதன் ரைபோசோம் மரபணு வரிசையை எடுத்து, உறவினர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. உப்பில்லாத ஊடகத்திலும் கடல்நீர் ஊடகத்திலும் ஒரே நேரத்தில் வளர்த்துப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

வளையத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ட்ரைபியூட்ரின் குட்டைச் சங்கிலிக் கொழுப்பு. குட்டை எஸ்டர்களை மட்டும் உடைக்கும் சாதாரண எஸ்டரேஸ் நொதிகூட அதை உடைத்து வளையம் போடும். உண்மையான லைபேஸா என்று அறிய ஆலிவ் எண்ணெயும் ரோடமின்-பி சாயமும் கலந்த தட்டில் வைத்து, புற ஊதா விளக்கின் கீழ் ஆரஞ்சு ஒளிர்வு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் தாண்டி, வடிகட்டிய நொதியை உலர்த்தி, தண்ணீர் இல்லாத கரைப்பானில் ஓர் எஸ்டர் கட்டச் சொல்லிப் பாருங்கள். கேல்-பியின் பெருமை தட்டில் தெரிந்ததல்ல, இந்தக் கட்டும் வேலையில் தெரிந்தது.

உரிமைக் கேள்வியும் உண்டு. அண்டார்டிக் ஒப்பந்தம் 1959-இல் கையெழுத்தானது. ஆய்வு முடிவுகளை எல்லோரும் பகிர வேண்டும் என்கிறது அது. நுண்ணுயிரிலிருந்து வரும் வணிகப் பலனை யார் பகிர்வது என்பதற்கு அதில் விடை இல்லை. ஒப்பந்த நாடுகள் 2000-களிலிருந்து கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருக்கின்றன. காவிரி முகத்துவாரச் சேற்றுக்கு நிலைமை வேறு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, இங்கே எடுத்த நுண்ணுயிரை வைத்துக் காப்புரிமைக்குப் போகிறவர் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறைக்கு உட்பட வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது.

வளர்ப்பை ஒப்படைக்க இடங்கள் இருக்கின்றன. சண்டிகரில் எம்.டி.சி.சி., புணேயில் என்.சி.ஐ.எம். என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகங்கள். புட்டியின் மேல் எடுத்த இடம், ஆழம், தேதி, அன்றைய உப்பளவு நான்கையும் எழுதி அனுப்பினால் அதற்கு ஓர் எண் கிடைக்கும். மும்பை யாரோவியாவை என்.சி.ஐ.எம். 3589 என்று உலகம் அறிவது அப்படித்தான். வாண்டா ஏரி ஈஸ்டின் மூல வளர்ப்பு நெதர்லாந்தின் உட்ரெக்டில் சேமிப்பில் இருக்கிறது. சி.பி.எஸ். 5955 என்று எழுதிக் கேட்டால் இன்றும் அனுப்புவார்கள்.